பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்

தபாலில் வந்த கடிதத்தின்படி, ஆபரேட்டர் பதினொரு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்த பாலம் ஒரு நாளும் சுற்றியதில்லை. அந்தக் கடிதத்தை அவர் பாலத்தின் மேல் நின்றபடிதான் படித்தார். ஒரு முறை படித்து நம்பாமல் இன்னொரு முறை படித்து, முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, குளோரின் அறைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் படிக்க வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, முகத்துக்கு நேரே இருந்த பம்பு அறை முதுகுப் பக்கம் போயிருந்தது.

பாலம் என்றதும் ஆற்றுப் பாலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது குடிநீர் நிலையத்துப் பாலம். முப்பது மீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் தொட்டி. கலங்கி வரும் ஆற்றுத் தண்ணீர் படிகாரம் கலந்து அதில் வந்து நிற்கும். சேறு அடியில் படியும். தொட்டியின் நடுவிலிருந்து விளிம்புச் சுவர் வரை ஓர் இரும்புப் பாலம் நீண்டு, விளிம்பின் மேல் ஒரு ரப்பர் சக்கரத்தில் உருண்டுகொண்டே இருக்கும். அதன் அடியில் தொங்கும் பலகைகள் சேற்றை நடுக் குழிக்குத் தள்ளும். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். அதற்கு மேல் அவசரப்பட்டால் அடங்கிய சேறு கிளம்பிவிடும். ஓரிரு நாள் நின்றுவிட்டால் சேறு இறுகி, அழுகி, கட்டி கட்டியாக மேலே மிதக்கும். ஊர் குடிக்கிற தண்ணீர் இந்த நிதானத்தை நம்பித்தான் இருந்தது. நிதானம் ஆபரேட்டரை நம்பி இருந்தது.

கடிதம் அளவை ஒருமைப்பாட்டு இயக்ககத்திலிருந்து வந்திருந்தது. 'மணிக்கு இரண்டு சுற்று எனத் தாங்கள் குறிப்பிட்ட சுழற்சி வேகம், புதிய ஆணையின்படி நொடிக்கு 0.00 ரேடியன் என மாற்றிக் கணிக்கப்பட்டது. ஆகவே மேற்படி சாதனம் சுழலும் சாதனமாக இதுகாறும் பராமரிக்கப்பட்டது ஏன் என்றும், அதற்கென ஓர் ஆபரேட்டர் பணியிடம் எவ்வாறு இருந்து வந்தது என்றும் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

வீட்டில் அவருடைய மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலே கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"அப்போ பதினொரு வருஷமா அங்க போய் என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?"

"கிண்டல் பண்ணாதே. வேலை போற விஷயம்."

"நான் கேக்கலைங்க. அவங்கதான் கேக்கறாங்க. நான் வாசிச்சுக் காட்டுறேன்."

மறுநாள் ஆபரேட்டர் விடுப்பு எடுத்துக்கொண்டு இயக்ககத்துக்குப் போனார். எங்கேயோ ஒரு குட்டிப் பிழை, பேனா நழுவியிருக்கும், நேரில் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று நினைத்தார். ஆனால் அங்கே பேனா நழுவ வழியே இல்லை. ஒரு வேகத்தை மாற்ற மூன்று மேசைகள் இருந்தன. முதல் மேசை இரண்டால் பெருக்கும். இரண்டாம் மேசை 'பை' என்கிற எண்ணால் பெருக்கும். மூன்றாம் மேசை மூவாயிரத்து அறுநூறால் வகுக்கும். பெருக்குகிறவரே வகுத்தால் முறைகேட்டுக்கு இடம் உண்டாகும் என்பதால் மேசைகளுக்கு நடுவே தட்டி வைத்து மறைத்திருந்தார்கள்.

முதல் மேசை அம்மாள் இரண்டை இரண்டால் பெருக்கி நான்கு என்று எழுதி, மேலொப்பத்துக்கு அனுப்பினார். மேலொப்பம் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்ததால் நான்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தது. இரண்டாம் மேசைக்காரர் அதை வாங்கி 3.14-ஆல் பெருக்கினார்.

"பை அதுக்கு மேலயும் போகும்னு சொல்வாங்களே சார்?" என்றார் ஆபரேட்டர். ஒரு காலத்தில் அவரும் படித்தவர்தான்.

"போகும். முடிவே கிடையாதாம். முடிவே இல்லாத ஒண்ணுக்கு எப்படி ஒப்புதல் கொடுக்கறது? இப்போதைக்கு ரெண்டு தசமம் வரைக்கும்தான் அனுமதி வந்திருக்கு. மிச்சத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம்."

மூன்றாம் மேசைக்காரர் ஒல்லியாக, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டு புள்ளி ஐந்து ஆறை நிதானமாக வகுத்தார். பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம், மூன்று, நான்கு என்று போய்க்கொண்டிருந்ததை ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். மூன்று வந்ததும் அவருக்கு உயிர் வந்தது. அந்த மூன்றின் முன்னால் மேசைக்காரர் ஒரு கோடு கிழித்தார்.

"ரெண்டு தசமத்துக்கு அப்பால இருக்கறது எங்க எல்லைக்கு வெளியே."

"ஆனா சார், அது சுத்துதே."

"சுத்தட்டும். அதைப் பத்தி எங்களுக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. எவ்வளவு சுத்துதுன்னு மட்டும்தான் நாங்க சொல்லுவோம். எவ்வளவும் சுத்தலை."

"இந்த ரேடியன்ங்கறது எவ்வளவு சார்?"

மேசைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தைப் பார்த்து வாசித்தார். வட்டத்தின் ஆரத்தை விளிம்பின் மேல் வளைத்து வைத்தால் அது அடைக்கிற கோணம். ஆபரேட்டர் ஒரு நொடி யோசித்தார். அவருடைய தொட்டிக்கு ஆரம் பதினைந்து மீட்டர். விளிம்பில் பதினைந்து மீட்டர் என்றால், படிக்கட்டிலிருந்து பெரிய வால்வு வரை.

"அதை அஞ்சு நிமிஷத்துக்குள்ள தாண்டிடும் சார். தினம் பாக்கறேனே."

"இங்க நிமிஷம் பேசாதீங்க. நொடி மட்டும்தான்."

மாலையில் இணை இயக்குநர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர். வேர்த்திருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அது ஆபரேட்டரின் தொட்டியிலிருந்து போன தண்ணீர்தான்.

"முன்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒருத்தர் மணிக்கு இத்தனை சுத்துன்னு சொல்லுவார். இன்னொருத்தர் நிமிஷத்துக்கு இத்தனைம்பார். வேற ஒருத்தர் நொடிக்கு இத்தனை பாகைன்னு எழுதுவார். ஒருத்தர் சொன்னது மத்தவங்களுக்கு என்னமோ புரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அந்தக் குழப்பத்தை நாங்க நிறுத்தினோம். இப்ப யாருக்கும் புரியலைன்னாலும், எல்லாருக்கும் ஒரே மாதிரி புரியலை. அதுக்குப் பேர்தான் ஒருமைப்பாடு."

தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைக் காட்டினார். "இது நிமிஷத்துக்கு முந்நூறு சுத்து சுத்திக்கிட்டு இருந்துச்சு. நாங்க வந்து முப்பத்தொண்ணு புள்ளி நாலா குறைச்சோம். விபத்து அபாயம் பத்துல ஒரு பங்காயிடுச்சு. அறிக்கையில இருக்கு."

"சரிங்க சார்."

"போன வருஷம் ஒரு மணிக்கூண்டு. மணி முள்ளுக்கு 0.00, நிமிஷ முள்ளுக்கும் 0.00. நொடி முள்ளு மட்டும் 0.10. மூணு முள்ளுல ரெண்டு ஓடலை. யாருமே கவனிக்கலை, அதைப் பாத்துப் பாத்து ஊரே வேலைக்குப் போயிட்டு இருந்துச்சு. இறக்கிட்டோம்."

ஆபரேட்டருக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் விளையாட்டுக்குப் பேசவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். இணை இயக்குநர் பெருந்தன்மையோடு முன்னால் சாய்ந்து, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், மணிக்கு ஆறு சுற்று வந்துவிட்டால் 0.01 ஆகிவிடும், பணியிடமும் தப்பும் என்றார்.

ஆபரேட்டர் மறுநாள் கூட்டினார். அந்தக் குற்றத்தை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழை ஆறுக்குத் திருகினார். பாலம் பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஓடியது. மதியத்துக்குள் அடியிலிருந்து சேறு புகைபோல எழுந்தது. மாலையில் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஒரு கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பால் ஊற்றாத டீ மாதிரி இருந்தது.

"இது எத்தனைங்க? பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒண்ணா?"

அவருக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் போய்க் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு வந்தார். வேகமாக ஓடிய அந்த ஒரு நாளுக்காக இயக்ககத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த நாளுக்காக நினைவூட்டல் வந்தது. அதற்கடுத்து, நேரில் ஆய்வு செய்ய ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. ஆபரேட்டர் மகிழ்ந்துபோனார். கண்ணால் பார்த்தால் தீர்ந்தது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பாலத்தின் கைப்பிடிக்குப் புதிதாக வண்ணம் அடித்தார்.

இணை இயக்குநர், மூன்றாம் மேசைக்காரர், குறிப்பு எழுதுகிறவர் ஆக மூன்று பேர் ஒரு காரில் வந்தார்கள். கார் படிக்கட்டின் கீழே நின்றது. ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினார். மூவரும் படியேறி விளிம்புக்கு வந்து, அங்கிருந்து பாலத்தில் கால் வைத்து, போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கூட்டம் முக்கால் மணி நேரம் நடந்தது. முதல் கால் மணி நேரம் வரவேற்பு. அடுத்த அரை மணி நேரம், பாலம் சுற்றாததால் இதுவரை ஏற்பட்ட விரயம் பற்றி இணை இயக்குநர் பேசினார். அவர் பேசப் பேச முகத்தில் அடித்த வெயில் காதுக்கு வந்து, பிடரிக்குப் போய், மறுபடி முகத்துக்கு வந்தது.

"இந்த இடத்துல வெயில் ஒரு பக்கமா நிக்க மாட்டேங்குதே," என்றார் அவர். குறிப்பு எழுதுகிறவர் அதையும் எழுதிக்கொண்டார்.

"சார், கீழே சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்க," என்று ஆபரேட்டர் மன்றாடினார். மூன்றாம் மேசைக்காரர் குனிந்து பார்த்தார். பார்வை சரியாக ஒரு நொடி நீடித்தது. அவர் கையில் கடிகாரம் இருந்தது.

"ஒரு நொடியில குறிப்பிடும்படியா எதுவும் நடக்கலை," என்று அறிவித்தார்.

அசைவு ஏதும் உணரப்படவில்லை என்று எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு எழுந்தார்கள். விளிம்பில் இறங்கிப் பார்த்தால் படிக்கட்டைக் காணோம். காரையும் காணோம். இரண்டும் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தன.

இணை இயக்குநர் விளிம்பைச் சுற்றி நடந்து போய்க் காரின் கண்ணாடியைத் தட்டினார். "நிறுத்தச் சொன்ன இடத்துல நிறுத்தாம எதுக்குய்யா எதிர்ப்பக்கம் கொண்டு வந்தே?"

"ஐயா, நான் சாவியையே தொடலைங்க," என்றார் ஓட்டுநர், தூக்கக் கலக்கத்தில்.

"சார், வண்டி நகரலை," என்று ஆபரேட்டர் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னார். "நீங்கதான் இந்தப் பக்கம் வந்துட்டீங்க. பாலம் ஒண்ணரைச் சுத்து வந்திருக்கு."

இணை இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் உக்காந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மூணு பேர் சாட்சி."

அனுமதியின்றி வாகனத்தை நகர்த்தியதற்காக ஓட்டுநர் அன்றே தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். படிக்கட்டு பற்றித் தனியாக விசாரிக்கப்படும் என்றார்கள்.

பத்தே நாளில் ஆணை வந்தது. பாலம் இனி நிலையான கட்டடம். கட்டடப் பிரிவின் பொறுப்பு. ஆபரேட்டர் பணியிடம் ரத்து. மின் இணைப்பு திங்கட்கிழமை துண்டிக்கப்படும்.

திங்கட்கிழமை லைன்மேன் வந்தார். ஆபரேட்டருக்குப் பழக்கமானவர்தான். கையில் படிவம். அதில் 'துண்டிக்கும் முன் சாதனம் ஓடிக்கொண்டிருந்ததா?' என்று ஒரு கேள்வி இருந்தது. இருவரும் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தார்கள். பாலம் அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"ஓடுதுன்னு போட்டா இயக்ககத்தைப் பொய்யுன்னு சொன்ன மாதிரி ஆயிடும் அண்ணே. ஓடலைன்னு போட்டா, ஓடாததை எதுக்குடா நிறுத்தினேன்னு கேப்பாங்க."

லைன்மேன் இயக்ககத்துக்கு போன் போட்டார். இணை இயக்குநரே பேசினார். "நிக்கறதுன்னு நாங்க சான்று கொடுத்த ஒண்ணை நீங்க எப்படி நிறுத்துவீங்க? அப்போ எங்க சான்றுக்கு என்ன மதிப்பு?" என்று கோபப்பட்டுவிட்டு வைத்தார். லைன்மேன் படிவத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாலம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஆபரேட்டருக்கும் ஒரு வழி பிறந்தது. நிலையான கட்டடம் என்றால் அதற்குக் காவலர் வேண்டும். ஆபரேட்டரையே போடலாம், சம்பளம்தான் ஒரு படி குறையும் என்று கட்டடப் பிரிவிலிருந்து ஓர் அலுவலர் வந்து சொன்னார். காவலரின் வேலை ஒன்றே ஒன்று. ஒரு பதிவேடு. பக்கத்துக்கு ஒரு நாள். 'இன்று கட்டடம் அசைந்ததா?' என்ற கேள்வியும், 'இல்லை' என்ற பதிலும் அச்சடித்தே இருந்தன. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"சுத்துறதை சுத்தலைன்னு எழுதணுமா சார்?"

"நீங்க ஏன் எழுதறீங்க? நாங்கதான் அச்சடிச்சுட்டோமே. கையெழுத்து மட்டும் போடுங்க. போடாம விட்டா வேற ஆள் வருவார். அசைஞ்சுதுன்னு எழுதிட்டா, அசையற கட்டடம் ஆபத்து, இடிக்கச் சொல்லிடுவாங்க."

வேற ஆள் வந்தால் அவன் குமிழை எங்கே திருகுவானோ என்று ஆபரேட்டர் நினைத்தார். தம்ளர் நிறைய நின்ற அந்தக் கலங்கலை நினைத்தார். கையெழுத்துப் போட்டார். முதல் நாள் கூச்சமாக இருந்தது. பத்தாம் நாள் பழகிவிட்டது. இருபதாம் நாள் பாலத்தின் மேல் நின்றே போட்டார்.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் மோட்டார் புகைந்து நின்றது. பாலம் உண்மையிலேயே நின்றுவிட்டது. ஆபரேட்டர் நேராக இயக்ககத்துக்கு ஓடி, மாற்று மோட்டார் கேட்டு மனுக் கொடுத்தார். கட்டடத்துக்கு மோட்டார் எதற்கு என்று மூன்று மேசையிலும் கேட்டார்கள். மாலையில் பதிலைக் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள்.

'மேற்படி கட்டடம் அசையவில்லை என்று தாங்களே நாற்பத்தொரு நாட்கள் சான்றளித்துள்ளீர்கள் (நகல்கள் இணைப்பு). நாற்பத்திரண்டாம் நாளும் அது அசையவில்லை எனத் தெரிவித்தமைக்கு நன்றி.'

இணைப்பில் அவருடைய நாற்பத்தொரு கையெழுத்துகளும் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவமானத்தில் காது மடல் சுட்டது. இயக்ககத்தில் அவரிடம் பொய் சொன்னவர்கள் யாரும் இல்லை. இருந்த பொய்யெல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

மோட்டாரை லைன்மேன் கழற்றி, தெரிந்த கடையில் சுருள் கட்டக் கொடுத்தார். இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நின்றால் சேறு தாங்கும். இரண்டு நாள் தாங்காது. விடிந்ததும் ஆபரேட்டர் விளிம்பில் ஏறி, பாலத்தின் முனைக்குத் தோளைக் கொடுத்தார். அது ஒரு முழம் நகர்ந்து நின்றது. எட்டு மணிக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒன்பது மணிக்கு, பணிநீக்கத்தில் வீட்டில் சும்மா இருந்த ஓட்டுநர் வந்து சேர்ந்தார்.

"எப்படியும் நகர்த்தினேன்னு எழுதிட்டாங்க," என்றார். "எதையாவது நகர்த்திட்டுப் போறேன்."

வேகமாகத் தள்ளுவது சுலபமாக இருந்தது. மெதுவாகத் தள்ளுவதுதான் முதுகை ஒடித்தது. நிமிடத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஓட்டுநர் ஆர்வத்தில் எட்டிப் போடும்போதெல்லாம் ஆபரேட்டர் தடுத்தார். மாலை ஆறு மணிக்குள் பதினெட்டு சுற்று. வழிந்து போன தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஊரில் அன்று யாரும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துணி துவைத்தார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள், குடித்தார்கள்.

ஓட்டுநர் போன பிறகு கணவனும் மனைவியும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஆபரேட்டரின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. பதிவேட்டை எடுத்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்தார். பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. மெல்ல மடக்கிப் பிடித்து, 'இல்லை' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "இல்லைன்னா போட்டீங்க?"

"ம்."

"அப்போ எனக்கு எதுக்குங்க தோள் இப்படி வலிக்குது?"

ஆபரேட்டர் பதிவேட்டை மூடிவிட்டு, நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும் என்றார்.